கனவில் வந்த அரிஸ்டாட்டில் உண்மையில் யார்? சூஃபிகளும் கிரேக்கமும்: ஒரு சாப்பாட்டு மேசைச் சண்டையின் தொடர்ச்சி

ஆந்தைக்கண்:

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த வாய்ச்சண்டை, இன்னும் முடியவில்லை. அலுவலக நண்பர் ஒருவர், "இஸ்லாமியத் தத்துவம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, கிரேக்கத்தை அரபியில் எழுதி வைத்திருந்தார்கள், ஐரோப்பா வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்றார். எதிரில் இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. சூஃபி ஞானத்துக்கும் கிரேக்கத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எல்லாம் குர்ஆனிலிருந்தே வந்தது என்று அவர். இருவருக்கும் நடுவில் தயிர்சாதத்தோடு நான்.

சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு வாரமாக இரவில் உட்கார்ந்து படிக்கிறேன். படிக்கப் படிக்கத் தெளிவதற்குப் பதில் குழம்புகிறது. என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டு கனவுகள்.

முதல் கனவு கலீஃபா மஃமூன் கண்டது. 813 முதல் 833 வரை ஆண்டவர். சிவந்த வெண்ணிறம், அகன்ற நெற்றி, கூடிய புருவம், வழுக்கைத் தலை, நீலக்கண் உடைய ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். யார் என்றால் அரிஸ்டாட்டில் என்கிறார். நன்மை என்பது எது என்று கேட்கிறார் மஃமூன். அறிவுக்கு எது நல்லதோ அது. அப்புறம்? மார்க்கச் சட்டத்துக்கு எது நல்லதோ அது. அப்புறம்? மக்கள் எதை நல்லது என்கிறார்களோ அது. அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, ஏறத்தாழ 350 ஆண்டுகள் கழித்து சுஹ்ரவர்தி என்ற தத்துவ ஞானி கண்டது. அவர் கனவிலும் அரிஸ்டாட்டில்தான். ஆனால் இவர் பேசுகிற தோரணையே வேறு. "உன்னிடமே திரும்பு" என்கிறார், தன் குரு பிளாட்டோவை வானளாவப் புகழ்கிறார், முஸ்லிம் தத்துவவாதிகள் யாராவது அவர் கிட்டே வந்திருக்கிறார்களா என்று கேட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்கிறார். பிஸ்தாமி, துஸ்தரி என்ற இரண்டு சூஃபிகளை சுஹ்ரவர்தி மனதில் நினைத்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. அவர்கள்தான் உண்மையான தத்துவ ஞானிகளாம்!

முதல் கனவில் பகுத்தறிவுவாதி, இரண்டாவது கனவில் சூஃபிகளின் ரசிகர். ஒரே ஆள் எப்படி இப்படி மாறினார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை போடலாம், ஆனால் ஆதாரத்தோடு.

நேர்க்கோடு:

கனவை எல்லாம் ஆதாரமாகக் கொண்டுவந்தால் எப்படி நண்பரே. மஃமூன் கனவு அரசவையில் யாரோ கட்டிவிட்ட கதையாக இருக்கும், கிரேக்க நூல்களை மொழிபெயர்க்கக் காசு செலவழிப்பதற்கு ஒரு நியாயம் வேண்டுமே.

உங்கள் முதல் நண்பர் சொன்னது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் அடிப்படையில் சரிதான் என்பது என் கட்சி. பாக்தாதில் நடந்தது தபால் வேலை. வந்த கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோவில் லத்தீன்காரர்களிடம் பட்டுவாடா செய்தார்கள். தபால்காரரைப் பாராட்டலாம், ஆனால் கடிதத்தை அவர் எழுதினார் என்று சொல்ல முடியாது.

சுவடிப்பித்தன்:

நேர்க்கோடு, இந்தத் தபால்காரர் உவமையை எத்தனை இழையில் பார்த்துவிட்டேன். தபால்காரர் கடிதத்தைப் பிரித்து, நான்கு பிரதிகளை ஒப்பிட்டு, எழுத்துப்பிழை திருத்தி, விடுபட்ட பக்கத்தைத் தேடி ஊர் ஊராக அலைந்து, ஓரத்தில் மறுப்பும் எழுதி அனுப்பினால் அவருக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீரா ஊர்க்காரர், நெஸ்தோரியக் கிறிஸ்தவர், மருத்துவர், 873இல் இறந்தார். முஸ்லிம் அல்ல என்பதைக் கவனியுங்கள், இந்த மொழிபெயர்ப்பாளர்களில் பெரும்பாலோர் சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவர்கள். காலன் (Galen) என்ற பழைய கிரேக்க மருத்துவரின் நூல்கள் எவை எவை, யார் எந்த மொழிக்குப் பெயர்த்தார்கள் என்று 129 நூல்களுக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அதில் ஓரிடத்தில், காலன் நிரூபணம் பற்றி எழுதிய ஒரே ஒரு நூலைத் தேடி மெசபொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை போய் அலைந்ததாகவும், கடைசியில் டமாஸ்கஸில் பாதி மட்டும், அதுவும் ஒழுங்கு கலைந்து கிடைத்ததாகவும் சொல்கிறார்.

இன்னொரு வேடிக்கை. ஹுனைனுக்கு மொழிபெயர்ப்பின் எடைக்கு எடை வெள்ளித் திர்ஹம் கூலி என்று ஒரு பழைய செய்தி உண்டு. இப்னு அபீ உஸைபிஆ என்ற 13ஆம் நூற்றாண்டு மருத்துவ வரலாற்றாசிரியர் தன் கண்ணால் அந்தச் சுவடிகளைப் பார்த்திருக்கிறார். கெட்டியான தாள், பெரிய பெரிய எழுத்து, வரிக்கும் வரிக்கும் நல்ல இடைவெளி. எடை கூட்டத்தான் இப்படி, ஆனால் அந்தக் கெட்டித் தாளால்தான் இத்தனை காலம் தாங்கி நிற்கிறது என்கிறார். பக்கக் கணக்குக்குக் காசு வாங்கி மொழிபெயர்ப்பவர்களுக்கு இது புரியும் (நானும் அந்தச் சாதிதான்).

இப்போது ஆந்தைக்கண்ணின் கேள்விக்கு வருகிறேன். விடை ஒரே ஒரு நூலில் இருக்கிறது. அரபியில் 'உஸூலூஜியா', அதாவது 'அரிஸ்டாட்டிலின் இறையியல்'. அரிஸ்டாட்டில் அப்படி ஒரு நூலை எழுதவே இல்லை.

எழுதியவர் புளோட்டினஸ். அரிஸ்டாட்டில் இறந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரோமில் பாடம் நடத்தியவர். அவருடைய மாணவர் போர்ஃபிரி, குருவின் கட்டுரைகளை ஒன்பது ஒன்பதாக ஆறு கட்டாகத் தொகுத்தார். அதில் கடைசி மூன்று கட்டிலிருந்து பகுதிகளை எடுத்து, வரிசை மாற்றி, விரித்துச் சொல்லி அரபியில் ஆக்கியவர் ஹிம்ஸ் நகரத்துக் கிறிஸ்தவர் இப்னு நாஇமா. அதைச் செப்பம் செய்தவர் அல் கிந்தி என்ற அரபுத் தத்துவவாதி, கலீஃபா முஃதஸிமின் மகன் அஹ்மதுக்காக. அதாவது 9ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. நூலின் முகப்பில் இது அரிஸ்டாட்டில் எழுதியது, போர்ஃபிரி விளக்கியது என்று இருக்கிறது. ஏமாற்று வேலையா, தவறுதலா, பாதி பாதியா என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

எப்படி வந்திருந்தாலும் விளைவைப் பாருங்கள். தர்க்கம் எழுதிய அரிஸ்டாட்டில், விலங்குகளை அறுத்துப் பார்த்த அரிஸ்டாட்டில், அவரே "சில வேளை நான் என்னோடு தனித்திருந்து, உடலைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, உடலே இல்லாத ஒரு பொருள் போல ஆகி, எனக்குள் நுழைந்து, சொல்ல முடியாத அழகைக் கண்டேன்" என்ற பொருளில் பேசுகிறார். இந்தப் பத்தியைப் பிற்காலத் தத்துவவாதி அல் ஃபாராபியின் பெயரில் உள்ள ஒரு நூல் மேற்கோள் காட்டுகிறது, சுஹ்ரவர்தியும் காட்டுகிறார், அவர் இதைப் பிளாட்டோ சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். உண்மையில் புளோட்டினஸ் எழுதிய இந்த ஒரே பத்தி, அரிஸ்டாட்டில் சட்டையையும் போட்டது, பிளாட்டோ சட்டையையும் போட்டது.

சுஹ்ரவர்தியின் கனவில் வந்தவர் இந்தப் புத்தகத்து அரிஸ்டாட்டில். அதனால்தான் சூஃபிகளைப் பிடிக்கிறது.

ஆந்தைக்கண்:

ஐயோ. ஒரு வாரமாக அரிஸ்டாட்டிலைக் குழப்பவாதி என்று திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அரபு அறிஞர்கள் யாருக்குமே சந்தேகம் வரவில்லையா?

சுவடிப்பித்தன்:

தத்துவவாதியும் மருத்துவருமான இப்னு சீனாவுக்கு வந்தது. அந்த நூலுக்கு அவரே குறிப்புகள் எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு கடிதத்தில் அதைப் பற்றிச் சொல்லும்போது, 'உஸூலூஜியாவில் கொஞ்சம் ஐயத்துக்கு இடம் இருந்தாலும்' என்ற பொருள்பட ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போகிறார். அவ்வளவுதான், மேலே நோண்டவில்லை. புளோட்டினஸின் நூல் இது என்று உறுதியாக நிறுவப்பட்டது ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில்தான்.

இதற்கு ஒரு தம்பி நூலும் உண்டு. புளோட்டினஸ் வழி வந்த கிரேக்கத் தத்துவவாதி புரோக்ளஸின் இறையியலிலிருந்து பிழிந்து எடுத்தது, 'தூய நன்மை பற்றி' என்று அரபியில் பெயர். அதுவும் அரிஸ்டாட்டில் பெயரில்தான் லத்தீனுக்குப் போனது. புரோக்ளஸின் மூலநூல் 1268இல் கிரேக்கத்திலிருந்து லத்தீனாகி வந்த பிறகு, கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குட்டை உடைத்தார்.

தெற்குத்தெரு_பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வழக்கமாக நான் இங்கே பிரியாணிச் சண்டைக்கு மட்டும் வருகிறவன். இந்த இழையில் போர்ஃபிரி பெயரைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

சின்ன வயதில் மூன்று வருடம் மதரஸாவில் ஓதினேன் (முடிக்கவில்லை, அது வேறு கதை). அங்கே மன்திக் என்று ஒரு பாடம், அதாவது தர்க்கம். அதற்கு ஈஸாகூஜி என்று சின்னதாக ஒரு கிதாபு. எழுதியவர் 13ஆம் நூற்றாண்டு அப்ஹரி. ஜின்ஸு (பேரினம்), நவ்உ (வகை), ஃபஸ்லு (வேறுபாடு), காஸ்ஸா (தனிப்பண்பு), அரளு ஆம் (பொதுவான தற்செயல் பண்பு) என்று ஐந்து வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வைத்து, "மனிதன் என்றால் என்ன?" என்று உஸ்தாது கேட்பார். "ஹயவானுன் நாதிக்", பேசும் பிராணி என்று கோரஸாகக் கத்துவோம். பேசாமல் இருந்தால் மனிதன் இல்லையா உஸ்தாது என்று கேட்டு ஒருவன் அடி வாங்கினான். அது நான்தான்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், அந்தக் கிதாபின் பெயரே போர்ஃபிரி எழுதிய கிரேக்க நூலின் பெயர். அந்த ஐந்து வார்த்தைகளும் அவர் அடுக்கி வைத்த ஐந்துதான். உங்கள் புளோட்டினஸின் கட்டுரைகளைத் தொகுத்த அதே ஆள்! ஒரே மனிதர் ஒரு பக்கம் சூஃபிகளின் அறைக்குள் முகமூடி போட்டுப் போகிறார், இன்னொரு பக்கம் எங்கள் ஓத்துப்பாயில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்றும் யோசித்தேன். நாதிக் என்றால் பேசுபவன். நுத்கு என்றால் பேச்சு, அதிலிருந்துதான் மன்திக். கிரேக்கத்தில் லோகோஸ் என்ற சொல்லுக்குப் பேச்சு, அறிவு இரண்டு பொருளும் உண்டாம். அதை அரபிக்குக் கொண்டுவந்தவர்கள் பேச்சு என்ற சொல்லில் ஏற்றிவிட்டார்கள், அதனால் என் கேள்வியில் நியாயம் இருந்தது, உஸ்தாது அடித்தது தப்பு.

நிலாமுற்றம்:

பாய், உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்னால் பாக்தாதிலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, வஸீரின் (அமைச்சரின்) சபை. ஒரு பக்கம் தர்க்கவாதி அபூ பிஷ்ர் மத்தா, சிரியாக் கிறிஸ்தவர். எதிரில் அரபு இலக்கணப் புலவர் ஸீராஃபீ. அந்த விவாதத்தைத் தவ்ஹீதி என்ற எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்.

மத்தா சொல்கிறார், தர்க்கம் எல்லா மொழிக்கும் பொது, நாலும் நாலும் எட்டு என்பது எல்லாச் சமுதாயத்துக்கும் ஒன்றுதானே. ஸீராஃபீ விடுவாரா? எல்லாமே நாலும் நாலும் எட்டு போல இருந்தால் உலகத்தில் சண்டையே இல்லையே என்கிறார். பிறகு போடுகிறார் பாருங்கள்: நீர் எங்களைத் தர்க்கம் படிக்கக் கூப்பிடவில்லை, கிரேக்க மொழி படிக்கக் கூப்பிடுகிறீர், அந்தக் கிரேக்கமோ உமக்கே தெரியாது. உண்மை அது, மத்தா சிரியாக்கிலிருந்துதான் மொழிபெயர்த்தார். அப்புறம் 'வ' என்ற ஒற்றை எழுத்து இடைச்சொல்லுக்கு, தமிழில் நம் 'உம்' மாதிரி, எத்தனை பொருள் என்று கேட்டு மத்தாவைத் திணற அடிக்கிறார்.

சபையில் ஸீராஃபீ ஜெயித்துவிட்டார். ஆனால் எழுதி வைத்தவர் ஸீராஃபீயின் மாணவர் என்பதையும் மறக்க வேண்டாம். மத்தாவின் வட்டத்தைச் சேர்ந்த அல் ஃபாராபி பிறகு தர்க்கம் வேறு இலக்கணம் வேறு என்று பொறுமையாக எழுதிக் காட்டினார். எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. கிரேக்கம் உள்ளே வந்தபோது கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் எழுந்து நிற்கவில்லை. வாசலிலேயே நிறுத்தி நீ யார், என்ன மொழி, உன்னால் எங்களுக்கு என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

நேர்க்கோடு:

சரி, தபால்காரர் உவமையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சுவடிப்பித்தன் சொன்னதை வைத்தே கேட்கிறேன். சூஃபிகளின் 'ஒன்றிலிருந்து எல்லாம் வந்தது, எல்லாம் அதற்கே திரும்பும்' என்பது அப்படியே புளோட்டினஸ்தானே? ஒன்றிலிருந்து அறிவு, அறிவிலிருந்து ஆன்மா, ஆன்மாவிலிருந்து உலகம், பிறகு படிப்படியாகத் திரும்பி ஏறுவது. பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதானே? உங்கள் இரண்டாவது நண்பரும் தோற்றார்.

நிலாமுற்றம்:

அவசரப்படாதீர்கள். காலக்கணக்கைப் பாருங்கள். சூஃபிகள் தங்கள் முன்னோடிகளாகக் கொள்கிறவர்களில் ஹஸன் பஸரி இறந்தது 728. ராபியா பஸ்ரியா இறந்தது 801. உஸூலூஜியா அரபியில் வந்தது அதற்குப் பிறகு. நரகத்துக்குப் பயந்தோ சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டோ வணங்காமல் உனக்காகவே வணங்குகிறேன் என்ற பேச்சு ராபியாவின் பெயரில் வழங்குகிறதே, அதற்கு எந்தப் புளோட்டினஸும் தேவைப்படவில்லை. பக்கத்திலேயே சிரியாக் துறவிகள் இருந்தார்கள், அவர்களோடு பழக்கம் இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இரவு முழுவதும் குர்ஆனை ஓதி ஓதி, ஒரே வசனத்தில் நின்று அழுத மனிதர்களின் அனுபவம் அது. கலாம்காரர்களுக்கும், அதாவது மார்க்க நம்பிக்கையை வாதம் செய்து நிறுவியவர்களுக்கும், இதே கதைதான், அவர்களில் முஃதஸிலா என்ற பிரிவைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் வாஸில் 748இல் போய்விட்டார், பெரிய மொழிபெயர்ப்பு அலைக்கு முன்னாலேயே. அவர்கள் பிறகு பிடித்துக்கொண்ட அணுக் கொள்கையும் அரிஸ்டாட்டிலுக்கு நேர் எதிர்.

பிற்பாடு வந்தவர்கள் வேறு. அவர்கள் கையில் ஒரு சொற்களஞ்சியம் கிடைத்துவிட்டது. ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டுக்கு யாரோ வரைபடம் கொண்டுவந்து கொடுத்த மாதிரி. வரைபடம் வந்த பிறகு வீட்டை இடித்துக் கட்டவும் செய்தார்கள், அதுவும் உண்மை.

அப்புறம் அந்த 'அப்படியே புளோட்டினஸ்' என்பதும் தப்பு. புளோட்டினஸின் ஒன்று, இருப்புக்கும் அப்பாற்பட்டது, அதை 'இருக்கிறது' என்றுகூடச் சொல்லக்கூடாது. அரபு உரையில் அதே ஒன்று படைப்பவன் ஆகிறது, தூய இருப்பு ஆகிறது. மொழிபெயர்க்கும்போதே தொழுகைத் திசையைத் திருப்பிவிட்டார்கள்.

கும்மிருட்டு:

நம்ம சித்தர்களும் இதைத்தானே பாடினார்கள்? எல்லாம் இங்கிருந்து போனதுதான்.

ஆந்தைக்கண்:

அது தனி இழை சாமி. இங்கே வேண்டாம்.

சுவடிப்பித்தன்:

ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன். புளோட்டினஸ் இந்தியத் தத்துவம் கற்க ஆசைப்பட்டது உண்மை. பேரரசர் கோர்டியன் பாரசீகத்தின் மேல் படையெடுத்தபோது அந்தப் படையோடு சேர்ந்து கிளம்பினார். 244இல் கோர்டியன் மெசபொத்தேமியாவில் செத்துப்போனார், புளோட்டினஸ் உயிர் தப்பி அந்தியோக்கியாவுக்கு ஓடி, பிறகு ரோம் போய்ச் சேர்ந்தார். இந்தியா வரவே இல்லை. போர்ஃபிரி எழுதிய வரலாற்றில் இருக்கிறது.

நேர்க்கோடு:

நிலாமுற்றம் சொன்ன காலக்கணக்கை ஏற்கிறேன். அது என்னிடம் இல்லை. ஆனால் மார்க்க அறிஞரும் சூஃபியுமான கஸ்ஸாலி? 1095 வாக்கில் 'தத்துவவாதிகளின் தடுமாற்றம்' எழுதி, இருபது விஷயத்தில் அவர்களைக் கிழித்து, மூன்றில் இறைமறுப்பு என்றே தீர்ப்புச் சொல்லி, கிரேக்கச் சிந்தனைக்கு மூடுவிழா நடத்தியவர். உலகம் ஆதியற்றது, இறைவனுக்குப் பொதுவானதுதான் தெரியும் தனித்தனி விவரம் தெரியாது, உடலோடு எழுப்பப்படுவது இல்லை, இந்த மூன்று. பஞ்சில் நெருப்பு பட்டால் எரிவதுகூட நெருப்பால் இல்லை, இறைவன் எரிக்கிறான் என்று எழுதியவர். அதற்குப் பிறகு அறிவியலும் போயிற்று, தத்துவமும் போயிற்று, சூஃபித்தனம் மட்டும் மிஞ்சியது. இதுதானே எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

தெற்குத்தெரு_பாய்:

எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அதுதான் தொல்லை. அப்ஹரி கஸ்ஸாலிக்கு நூற்றைம்பது வருடம் பின்னால் வந்தவர் அண்ணே! மூடுவிழா நடந்திருந்தால் நான் ஏன் ஈஸாகூஜியில் அடி வாங்கினேன்?

தர்க்கத்தை மார்க்கக் கல்விக்குள் வலுவாகக் கொண்டுவந்ததில் முக்கியமான கை கஸ்ஸாலியுடையது. சட்ட மூலங்கள் பற்றி அவர் எழுதிய முஸ்தஸ்ஃபாவின் முன்னுரையே தர்க்கம், அது தெரியாதவனின் கல்வியை நம்ப முடியாது என்கிறார். கிரேக்கத் தர்க்கத்தை எதிர்த்துத் தனி நூல் போட்டவர் இப்னு தைமிய்யா, அவர் 13, 14ஆம் நூற்றாண்டு. எதிர்க்க வேண்டிய அளவுக்கு அது அப்போதும் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

கஸ்ஸாலியின் இஹ்யா உலூமித்தீன் என்ற பெரிய நூலைத் தமிழில்கூட நிறையப் பேர் வீட்டில் வைத்து வாசிக்கிறார்கள். எங்கள் பெரியம்மா வாசிப்பார். மனதைப் பக்குவப்படுத்தும் பகுதியில் நற்குணங்களின் தாய்க்குணங்கள் நான்கு என்று வரும்: ஞானம், வீரம், கற்பொழுக்கம், நீதி. அந்த நான்கும் பிளாட்டோவின் நான்கு. கோபம் ஒரு நாய், ஆசை ஒரு பன்றி, அறிவு அவற்றை அடக்க வேண்டும் என்று வரும் இடமும் பிளாட்டோ சொன்ன மூன்று பகுதி ஆன்மாதான். பெரியம்மாவிடம் இது கிரேக்கம் என்று சொன்னால் செருப்பு பறக்கும்.

சுவடிப்பித்தன்:

அதோடு ஒரு கூத்து. மறுக்கப்போகிறவர்களை முதலில் சரியாகப் புரியவைக்க வேண்டும் என்று கஸ்ஸாலி 'தத்துவவாதிகளின் நோக்கங்கள்' என்று இப்னு சீனா வழியில் ஒரு சுருக்கம் எழுதினார். முன்னுரையில், இது என் கருத்து இல்லை, பிறகு மறுப்பேன் என்ற தொனியில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அது லத்தீனுக்குப் போனபோது பெரும்பாலான பிரதிகளில் அந்த முன்னுரை இல்லை. விளைவு, இடைக்கால ஐரோப்பாவில் பலருக்கு 'அல்கஸேல்' என்றால் இப்னு சீனாவின் சீடர், சுத்தமான தத்துவவாதி! அரிஸ்டாட்டிலுக்கு நேர்ந்தது கஸ்ஸாலிக்கும் நேர்ந்தது, எதிர்த் திசையில்.

இப்னு சீனாவின் கதையையும் இங்கே போட்டுவிடுகிறேன், அரிஸ்டாட்டில் எந்தச் சிக்கலோடு வந்து சேர்ந்தார் என்று காட்டும். பதின்ம வயதில் அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியலை நாற்பது தடவை படித்து, மனப்பாடமே ஆகியும் நூலின் நோக்கம் பிடிபடவில்லை, நம்பிக்கையே போய்விட்டது என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். ஒரு நாள் அஸர் வேளையில் புத்தகக் கடைத்தெருவில் தரகர் ஒரு நூலைக் கூவி விற்கிறார். இவர் எரிச்சலோடு வேண்டாம் என்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள், உரியவருக்குப் பணமுடை, மூன்று திர்ஹம்தான் என்கிறார் தரகர். வாங்கிப் பார்த்தால் அதே மெய்ப்பொருளியலின் நோக்கம் பற்றி அல் ஃபாராபி எழுதிய சின்ன நூல். வீட்டுக்கு ஓடி ஒரே மூச்சில் படிக்கிறார், எல்லாம் திறந்துவிடுகிறது. மறுநாள் ஏழைகளுக்குத் தர்மம் கொடுத்தாராம்.

ஏன் புரியவில்லை? இறையியல் என்று எதிர்பார்த்துப் படித்தார், அதுவோ 'இருப்பு என்றால் என்ன' என்று கேட்கிற நூல் என்பதுதான் இன்றைய ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம். அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் போன தூரம் அரிஸ்டாட்டில் போகாதது. ஒரு பொருள் என்ன என்பது வேறு, அது இருக்கிறதா என்பது வேறு. குதிரை என்றால் என்ன என்று முழுக்கத் தெரிந்தாலும் குதிரை இருந்தே தீர வேண்டும் என்று ஆகாது. அப்படியானால் எல்லாப் பொருளுக்கும் இருப்பு வெளியிலிருந்து வர வேண்டும், இருந்தே தீர வேண்டிய ஒன்றிடமிருந்து. வாஜிபுல் வுஜூத். இதைக் கஸ்ஸாலிக்குப் பின் வந்த கலாம்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஸ்பெயினில் பிறந்த சூஃபி இப்னு அரபி வழி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், 17ஆம் நூற்றாண்டு ஈரானில் தத்துவவாதி முல்லா ஸத்ரா இதையும் உஸூலூஜியாவையும் சேர்த்து வைத்துத்தான் எழுதினார். அதே இப்னு சீனா தன் கடைசிப் பெரு நூல்களில் ஒன்றான இஷாராத்தில் ஞானிகளின் படிநிலைகள் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பகுத்தறிவு ஒரு பக்கம், ஞானம் ஒரு பக்கம் என்று கோடு போட நினைத்தால் இவரை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?

ஆந்தைக்கண்:

என் இரண்டு நண்பர்களையும் இந்த இழைக்கு அனுப்பிவிட்டேன். முதலாமவர் 'படிக்கிறேன்' என்று கட்டைவிரல் போட்டிருக்கிறார், அப்படியென்றால் படிக்க மாட்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். தத்துவவாதியும் சூஃபியும் நேருக்கு நேர் உட்கார்ந்து, நீ கண்டதும் நான் கண்டதும் ஒன்றா என்று கேட்டுக்கொண்டதே இல்லையா?

நிலாமுற்றம்:

கேட்டிருக்கிறார்கள், ஸ்பெயினின் குர்துபாவில் (கோர்டோபா). இப்னு ருஷ்து அப்போது பெரிய காழி (நீதிபதி), அரிஸ்டாட்டிலுக்கு வரிக்கு வரி உரை எழுதியவர், கஸ்ஸாலியின் தடுமாற்றத்துக்கு 'தடுமாற்றத்தின் தடுமாற்றம்' என்று பதில் எழுதியவர். இப்னு அரபி மீசை தாடி முளைக்காத பையன். இவனுக்கு ஏதோ திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பார்க்க வேண்டும் என்று அவன் அப்பாவிடம் இப்னு ருஷ்து சொல்லி அனுப்புகிறார். பையன் உள்ளே வந்ததும் எழுந்து வந்து அணைத்துக்கொள்கிறார். "ஆம்?" என்கிறார். பையனும் "ஆம்" என்கிறான். அவருக்கு மகிழ்ச்சி. அவர் எதற்கு மகிழ்கிறார் என்று தெரிந்ததும் பையன் "இல்லை" என்கிறான். அவர் முகம் கறுத்துவிடுகிறது. திரை விலகி நீங்கள் கண்டதும் சிந்தனை எங்களுக்குத் தருவதும் ஒன்றுதானா என்று கேட்கிறார். ஆம், இல்லை, அந்த ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில்தான் உயிர்கள் உடலை விட்டுப் பறக்கின்றன என்ற பொருளில் பதில் வருகிறது. கிழவர் நடுங்கிவிட்டார்.

சொல்வது இப்னு அரபி, பல ஆண்டு கழித்து, ஃபுதூஹாத் என்ற தன் நூலில். தன் பக்கம் ஜெயிக்கிற மாதிரித்தானே சொல்வார், நேர்க்கோடு சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவரே எழுதிய இன்னொரு காட்சியும் இருக்கிறது. 1198இல் இப்னு ருஷ்து மராக்கிஷில் இறந்தார். பிறகு உடலைக் குர்துபாவுக்குக் கொண்டுபோனார்கள். சுமை மிருகத்தின் ஒரு பக்கம் சடலம் உள்ள பெட்டி. மறுபக்கம் எடை சமமாக இருக்க வேண்டுமே, அவர் எழுதிய நூல்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற நண்பர், இந்தப் பக்கம் இமாம், அந்தப் பக்கம் அவருடைய வேலை என்றாராம். அவர் ஆசைப்பட்டதெல்லாம் கைகூடியதா என்று தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று இப்னு அரபி எழுதுகிறார். அதில் ஏளனம் இல்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

நேர்க்கோடு:

சொல்லத்தான் வந்தேன், முந்திக்கொண்டீர்கள். சரி, இந்தச் சுற்று உங்களுக்கு. சுஹ்ரவர்தி 1191இல் அலெப்போவில் ஸலாஹுத்தீன் உத்தரவில் கொல்லப்பட்டதை யாரும் பேசவில்லை, எல்லாம் இனிமையாகவே போனது போல ஒரு தோற்றம் வருகிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன், வாருங்கள்.

தெற்குத்தெரு_பாய்:

வருகிறேன். அதற்கு முன் ஒன்று. இந்த இழையைப் படித்துவிட்டு இன்று லுஹருக்குப் பிறகு என் பழைய உஸ்தாதுக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டிவிட்டார், காது மந்தம், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஹஜ்ரத், ஈஸாகூஜி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஓதின காலத்தில் கேட்டிருக்க வேண்டியது இப்போது கேட்கிறாயா என்றார். பிறகு சொன்னார்: ஷரஹுகளில் (உரைகளில்) இரண்டு விதமாக வரும், அது ஒரு யூனானி ஹகீமின் (கிரேக்க ஞானியின்) பெயர் என்பார்கள், ஐந்து இதழ் உள்ள ஒரு ரோஜாப்பூவின் பெயர் என்றும் சொல்வார்கள், ஐந்து குல்லிய்யாத்துக்கு, அதாவது அந்த ஐந்து வார்த்தைகளுக்கு, ஐந்து இதழ்.

இல்லை ஹஜ்ரத், கிரேக்கத்தில் அதற்கு வெறும் 'முன்னுரை' என்றுதான் அர்த்தமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. காதில் விழவில்லையோ என்று திரும்பச் சொல்லப் போனேன்.

"விழுந்துச்சு, விழுந்துச்சு" என்றார். "பூவே இருக்கட்டும்."

ஆந்தைக்கண்:

😂 பாய், அவருக்கு என் ஸலாம்.